மணி அடிப்பதற்கு முந்திய பேச்சு

மார்ச் 4

வணக்கம்.

பொருள்: நாம் எழுதிய சிக்னலிங் மென்பொருளில் ஒரு கோளாறு பற்றி.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கிவிட்டு அழித்தேன். ‘பொருள்’ என்று போட்டால் அலுவலகக் கடிதம் ஆகிவிடும். அலுவலகக் கடிதத்தை நீ படிக்காமல் விடமாட்டாய்.

விவாகரத்துக்குப் பிறகு நாம் பேசுவதில்லை என்பது மறந்துவிடவில்லை. ஆனால் நீ எழுதிய பாதியைப் பற்றிக் கேட்க உன்னைத் தவிர ஆள் இல்லை. நம் பழைய கம்பெனியை வாங்கியவர்கள் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், மேசைகளை மாற்றினார்கள், நம் மென்பொருளை மட்டும் தொடவில்லை. தொடப் பயம். போன வருஷக் கடைசியில் அதைக் கொண்டுவந்து இந்த மலை ஊரில் மாட்டிவிட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம், ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பாதி ஓடுகிறது. நகரத்துத் தலைமை எக்ஸ்சேஞ்சில் உன் பாதி.

இங்கே காவலாளி ஒருவர் இருக்கிறார். நேற்று, “அப்படி என்னதான் சார் பண்ணுது இந்தப் பொட்டி?” என்று கேட்டார். சொன்னேன்: “நீங்க வீட்டுக்குப் போன் போடுறீங்க. நம்பரை அழுத்தினதுக்கப்புறம், அங்க மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, இந்த எக்ஸ்சேஞ்ச் அந்த எக்ஸ்சேஞ்ச்கிட்ட கேக்கும். லைன் காலியா, மணி அடிக்கட்டுமா, யார் கூப்பிடுறாங்க தெரியுமா. அந்தப் பேச்சுக்குப் பேருதான் சிக்னலிங். முன்னெல்லாம் அதுக்குன்னு தனிக் கம்பி இருந்துச்சு. இப்ப இன்டர்நெட் போற வழியிலயே அதுவும் போகுது.” அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பேசுறதுக்கு முன்னாடியே ஒரு பேச்சு நடக்குதா? அது நின்னுபோனா?” நின்றுபோனால் ஊரிலிருந்து எந்தப் போனும் வெளியே போகாது, ஆம்புலன்ஸுக்கும் போகாது என்றேன்.

அதுதான் நடக்கிறது. இந்த ஊரை நகரத்தோடு இணைக்கும் ரேடியோ கோபுரம் மலை உச்சியில் இருக்கிறது, மழை வந்தால் படுத்துக்கொள்கிறது. சற்று நேரத்தில் எழுந்துவிடும், இணைப்பும் திரும்பி வந்துவிடும், திரையில் எல்லாம் பச்சை. ஆனால் ஒரு அழைப்புகூடப் போகாது. நான் போய் ஒரு வரிக் கட்டளை அடித்தால்தான் உயிர் வரும். அதனால் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே கட்டில் போட்டுவிட்டேன். இந்த வருஷம் கோடைமழை வேறு முன்னாலேயே பிடித்துக்கொண்டது. தூக்கம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகம்.

மேலாளரிடம் முறையிட்டேன். “யார்கிட்ட வேணா கேளு, என்கிட்ட மட்டும் கேக்காத” என்றார். ஆகவே உன்னிடம் கேட்கிறேன். இயந்திரம் பதிந்துவைத்த லாக் கோப்புகளை இணைத்திருக்கிறேன். முடிந்தால் பார். முடியாவிட்டால் பரவாயில்லை. பரவாயில்லை என்பது பொய், ஆனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
முதுநிலைப் பொறியாளர், சிக்னலிங் பிரிவு

-

மார்ச் 5

முதுநிலைப் பொறியாளர் அவர்களுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்து. என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உன் பதவி தூங்குமூஞ்சி. எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

உன் போன் நம்பரைத் தடுத்துவைத்தவள் மெயிலைத் தடுக்க மறந்துவிட்டேன். என் தப்பு.

நான் இப்போது லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுகிறேன். மேலே போ, கீழே போ, நில், கதவைத் திற. அவ்வளவுதான். வேலை முடிந்தால் வீட்டுக்கு வருகிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். இந்த நிம்மதியைக் கெடுக்க உன்னால்தான் முடியும் என்று எனக்குத் தெரியும், கெடுத்துவிட்டாய்.

உன் லாக்கைத் திறக்கவே கூடாது என்றுதான் இருந்தேன். ‘ஆம்புலன்ஸ்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டாயே, அடப்பாவி! அதைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்கமாட்டேன் என்று தெரிந்துதான் எழுதினாய்.

சரி, கேட்பதற்குப் பதில் சொல். இணைப்பு திரும்பி வந்தபிறகு நீ கட்டளை அடிக்காமல் விட்டால் தானாகச் சரியாகுமா, ஆகாதா? பொறுத்துப் பார்த்தாயா? தலைமை அலுவலகத்திலிருந்தே அந்தக் கட்டளையை அடிக்க முடியாதா? ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதுவே அடித்துக்கொள்ளும்படி செய்ய உனக்குத் துப்பில்லையா?

சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

குண்டூசி
(நீங்களெல்லாம் சேர்ந்து வைத்த பெயர்தானே)

-

மார்ச் 7

குண்டூசி,

உன் கடிதத்தில் திட்டு இருந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. திட்டாமல் எழுதியிருந்தால் பயந்திருப்பேன்.

தானாகச் சரியாகாது. பொறுத்துப் பார்த்த கதையைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு மத்தியானம், மழை விட்டு வெயில்கூட வந்துவிட்டது, அப்படியே நாற்காலியில் கண் அசந்துவிட்டேன். யாரோ கேட்டை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். முக்குக் கடைத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, காலில் செருப்பு இல்லை. “சார், அவளுக்கு வலி எடுத்துடுச்சு. போன் போகல. எந்தப் போனும் போகல!” என்று கத்தினார். ஓடிப் போய்க் கட்டளையை அடித்தேன். இங்கிருந்தே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பெண் குழந்தை, இருவரும் நலம். மறுநாள் அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

தலைமை அலுவலகத்திலிருந்து உள்ளே நுழைய முடியாது. பாதுகாப்பு என்று சொல்லி அந்த வழியைப் பூட்டிவிட்டார்கள். இந்த அறையில் இருக்கும் கீபோர்டு ஒன்றுதான் வழி. கடவுச்சொல் என் பெயரில், வேறு யாருக்கும் தரக்கூடாது என்று விதி. ஸ்கிரிப்டும் போட்டுப் பார்த்தேன். இணைப்பு பாதி எழுந்த நேரத்தில் அது அவசரப்பட்டு அடித்துவிட்டது, இரண்டு எக்ஸ்சேஞ்சும் குழம்பிப்போய் அரைநாள் யாருக்கோ வந்த போன் யாருக்கோ போயிற்று. ‘இனிமேல் கைதான், தானாக எதுவும் கூடாது’ என்று மேலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

அறையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் விசிறிகள் ஓயாமல் இரைகின்றன, குளிர்சாதனம் பெட்டிகளுக்காக ஓடுகிறது. நான் இரண்டு கம்பளியில் கிடக்கிறேன். சவரம் செய்து பல நாளாயிற்று. அம்மாவோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன், நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

சாப்பிடுகிறேன். நீ கேட்கவில்லை, தெரியும்.

தூ.மூ.

-

மார்ச் 10

தூங்குமூஞ்சி,

கண்டுபிடித்துவிட்டேன். லிஃப்டுகளை அந்தரத்தில் விட்டுவிட்டு உன் எழவு லாக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண் இரண்டும் சிவந்துபோயிருக்கிறது.

இணைப்பு எழுந்ததும் கீழ் அடுக்கு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ‘இருக்கிறாயா?’ என்று கேட்கிறது, ‘இருக்கிறேன்’ என்று பதில் வருகிறது. அதனால்தான் உன் திரையில் பச்சை. ஆனால் அது போதாது. அதற்கு மேல் அடுக்கில் ஒரு வார்த்தை வேண்டும்: ‘நான் தயார், அழைப்புகளை அனுப்பு.’ அதை ஏதாவது ஒரு பக்கம் முதலில் சொன்னால்தான் போக்குவரத்து தொடங்கும். என் பாதி சொல்லட்டும் என்று உன் பாதி காத்திருக்கிறது. உன் பாதி சொல்லட்டும் என்று என் பாதி காத்திருக்கிறது. இரண்டும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஊர் ஊமையாகக் கிடக்கிறது.

இதைப் படித்ததும் உன் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போகவேண்டாம். இது மென்பொருள்.

இவ்வளவு பெரிய ஓட்டை நம் சோதனையில் எப்படிச் சிக்காமல் போனது? என்னிடம் பழைய சோதனை லாக் கொஞ்சம் இருந்தது, தூசி தட்டினேன். ஒவ்வொரு தடவை இணைப்பு எழும்போதும், அடுத்த வரி உன் கீபோர்டிலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும்! நான் டீ குடிக்க எழுந்து போவேன், நீ கையால் தட்டி ஓட வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பாய். நான் வந்து பார்த்தால் எல்லாம் நன்றாக ஓடும். ‘பார்த்தியா, நம்ம கோடிங் தங்கம்’ என்று நான் பீற்றிக்கொள்வேன். நீயும் தலையை ஆட்டுவாய். ஏன்டா சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. யார் முதலில் பேசவேண்டும் என்று வடிவமைப்பில் ஒரு வரி எழுதியிருக்கவேண்டும். எதிரேதானே உட்கார்ந்திருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேர் வெவ்வேறு கட்டடத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது.

இனி சொல்லப்போவது வேறு விஷயம். அத்தை நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போகிறேன். உனக்குத் தெரியாது. நான் விவாகரத்து வாங்கியது உன்னிடமிருந்து, அத்தையிடமிருந்து இல்லை. வயிற்றில் கட்டி இருக்கிறது. இருபதாம் தேதி காலையில் அறுவை சிகிச்சை. “அவன்கிட்ட சொல்லிடாத. மழை முடியட்டும். அங்க அவனை விட்டா ஆள் இல்ல” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை இப்போது மீறுகிறேன். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று போனில் சொன்னால் நம்பிவிடுவதா? திரையில் பச்சை தெரிந்தால் போதுமா உனக்கு?

திருத்தத்தை இந்த வாரக் கடைசிக்குள் அனுப்புகிறேன். போட்டுவிட்டுக் கிளம்பி வா. அவரை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நீ வந்து நிற்கவேண்டும். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

கு.

-

மார்ச் 11

குண்டூசி,

உன் கடிதத்தைப் படித்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஒண்ணுமில்லடா, சின்னதா ஒரு கட்டி. கல்லு மாதிரி இருக்கேன்” என்றாள். பிறகு, “அவ சொல்லிட்டாளா? அவ வாயில எதுதான் நின்னுச்சு” என்று சிரித்தாள். சிரிப்பின் பாதியில் மூச்சு வாங்கியது. என்னிடம் அதைக் காட்டாமல் இருக்கப் போனைத் தள்ளி வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சோதனை தோற்றால் நீ சாப்பிடமாட்டாய். அன்றைக்கு முழுவதும் முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை, தட்டிவிட்டேன். ஒரு தடவை தட்டினேன், அப்புறம் பழக்கமாகிவிட்டது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போகிறாய். நான் மகன், எனக்கு அவள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா என்றுகூடத் தெரியாது.

திருத்தம் வந்த அன்றைக்கே போட்டுவிட்டுப் புறப்படுகிறேன். சத்தியமாக.

தூ.மூ.

-

மார்ச் 14

தூங்குமூஞ்சி,

திருத்தம் இணைப்பில் இருக்கிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இணைப்பு நிலையாக எழுந்தபிறகு, சில நொடி வரைக்கும் எதிர்ப்பக்கம் ‘தயார்’ சொல்லாவிட்டால் நாமே சொல்லிவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டாலும் குற்றமில்லை, இரண்டுமே ஏற்றுக்கொள்ளும். பாதி எழுந்த நேரத்தில் அவசரப்படாது, உன் ஸ்கிரிப்ட் மாதிரி இல்லை.

என் பாதியைத் தலைமை எக்ஸ்சேஞ்சில் போட வேண்டுமே, அதற்கு உன் மேலாளரையே பிடித்தேன். “நீங்க யாரும்மா?” என்றார். “அதை எழுதினவ” என்றேன். மத்தியானமே போட்டுவிட்டார்கள். உன் பாதி மட்டும்தான் பாக்கி, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

நேற்று அத்தையைப் பரிசோதனைகளுக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் நாற்காலிகள், எல்லோர் கையிலும் ஒரு கவர். ஊசி போட வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, “எனக்கு எல்லாமே இவதான், எழுதிக்கம்மா” என்றார். அந்தப் பெண் எதை எழுதினாளோ தெரியாது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் ஆட்டோவில், “அவன் எப்ப வரான்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வந்துவிடுவான் அத்தை என்றேன்.

கு.

-

மார்ச் 16

குண்டூசி,

திருத்தத்தைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. இன்னும் போடவில்லை.

நேற்று முழுக்க மழை, கோபுரம் நாலைந்து தடவை விழுந்து எழுந்தது. அந்த நேரத்தில் கை வைப்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு மேலாளர் ஊரில் இல்லை. போட்டபிறகு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது? கோபுரத்துப் பேட்டரியும் சரியில்லை, அதை முதலில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். உன் டைமர் இந்த ரேடியோவுக்கு ஒத்துவருமா என்று ஒரு சந்தேகம், கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். தையல்காரர் மாதிரி இன்னொருவர் ஓடிவந்து, அன்றைக்கு நான் இங்கே இல்லை என்றால்? நிதானமாகச் செய்யவேண்டிய வேலை இது.

புதன்கிழமைக்குள் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பார்க்கலாம்.

அம்மாவிடம் சொல், வேலை இழுக்கிறது என்று.

-

மார்ச் 17

அம்மாவிடம் நீயே சொல். நான் உன் தபால்காரி இல்லை.

மழை, மேலாளர், பேட்டரி, டைமர். நாலு வரிக்குள் நாலு சாக்கு. உன்னோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடமா? நம் கல்யாண நாளுக்கு வராமல் போனதற்கு ஒரு சர்வர் கோளாறு, என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வராததற்கு ஒரு சர்வர். எது உனக்குப் பயமாக இருக்கிறதோ அதற்கு முன்னால் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாய். அந்த இயந்திரமும் பாவம், உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருக்கும். உன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. அப்படி ஒரு சாமர்த்தியம்.

முதல் நாளிலிருந்தே என் மனசில் ஒன்று இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். அடிக்கவேண்டியது ஒரே ஒரு வரி. அந்தக் காவலாளிக்குக் கற்றுக்கொடுத்தால் அடிக்கமாட்டாரா? கடவுச்சொல் விதி என்று எழுதினாய். என்றைக்கு நீ விதியைப் பார்த்தாய்? சோதனை முடிவையே கையால் தட்டிச் சரிசெய்தவனுக்குத் திடீரென்று விதி ஞாபகம் வந்துவிட்டதா? அந்த ஊருக்கு நீ தேவைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் உனக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. அங்கே இருந்தால் இங்கே வரவேண்டாம், பார்.

எனக்கும் அலுத்துவிட்டது. காலையில் மருத்துவமனை, பகலில் லிஃப்ட், மாலையில் உன் கோடிங். எனக்கு யாரும் கட்டில் போட்டுத் தரவில்லை.

இருபதாம் தேதி. காலை. வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

-

மார்ச் 18

ஒரு வார்த்தையில் எழுத முடியாது.

அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்றைக்கு நான்தான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு மயக்கம் வந்து வேறொரு அறையில் படுக்க வைத்திருந்தார்கள். உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ வரவில்லை. கதவு திறந்தது, மருத்துவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்து நடந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் என் நாற்காலிவரை நடந்து வந்த நேரம் இருக்கிறதே, அதில்தான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. “டெமோ இழுத்துடுச்சு” என்றாய்.

இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன் என்கிறாயே, அன்றைக்கு நீ எதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்?

எனக்குப் பயமாக இருக்கிறது. அதைத்தானே எழுதச் சொன்னாய்? எழுதிவிட்டேன். இன்னொரு தடவை அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார என்னால் முடியாது.

-

மார்ச் 18, மாலை

ஆமாம். வரவில்லை.

உன் செய்தியைப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். போனைத் திருப்பி வைத்துவிட்டுப் பேசி முடித்தேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன். உனக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அன்றைக்கும் இல்லை. அதனால்தான் நீ வீட்டில் பேசாமல் இருந்த மாதங்களில் நானும் பேசாமல் இருந்தேன்.

இருபதாம் தேதி அந்தக் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். லீவு சொல்லிவிட்டேன். மருத்துவர் யாரைப் பார்த்து நடந்து வந்தாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். நீ அவரைப் பார்க்கவேண்டாம். நீ வரவேண்டியது உன் அம்மாவுக்கு, கதவுக்கு இல்லை.

வந்தால் வா. இனிமேல் கூப்பிடமாட்டேன்.

-

மார்ச் 19

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். குலுக்கலில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் திருத்தத்தைப் போட்டேன். மழைக்குக் காத்திருக்கவில்லை, ரேடியோவிலிருந்து வரும் கேபிளை நானே பிடுங்கினேன். திரை சிவந்தது. மறுபடி மாட்டினேன். கை கீபோர்டுக்குத் தானாகப் போனது, பக்கத்தில் நின்ற காவலாளியிடம், “என் கையைப் பிடிச்சுக்குங்க” என்றேன். பிடித்துக்கொண்டார். பச்சை வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. என் உயிர் போய்விட்டது. பிறகு உன் டைமர் முடிந்து என் பாதி ‘தயார்’ என்றது, உன் பாதி ஏற்றுக்கொண்டது, அழைப்புகள் திபுதிபுவென்று போகத் தொடங்கின. இன்னும் நாலு தடவை பிடுங்கிப் பார்த்தேன். நாலு தடவையும் வந்தது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. விதியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு வரியை அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது தடவையே தப்பில்லாமல் அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்த்து, “இதுக்கா சார் இத்தனை நாளா கட்டில் போட்டுப் படுத்திருந்தீங்க?” என்றார்.

வழியில் மண் சரிந்திருக்கிறது. பஸ் நின்று நின்று போகிறது. அம்மாவை உள்ளே கொண்டுபோவதற்குள் வந்துவிடுவேனா தெரியாது. வந்துகொண்டிருக்கிறேன்.

-

மார்ச் 20, காலை

இப்போதுதான் உள்ளே கொண்டுபோனார்கள். பஸ்ஸில் இருக்கிறான், வழியில் மண் சரிந்திருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். “கிளம்பிட்டான்ல? அது போதும்” என்றார். சக்கரப் படுக்கை திரும்புகிறவரைக்கும் என் கையை விடவில்லை. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது மாடி, வலது பக்கம் கடைசி.

-

மார்ச் 20, பிற்பகல்

குண்டூசி,

உன்னிடம் நன்றிகூடச் சொல்ல விடவில்லை நீ. நான் படியேறி வருகிறேன், என்னைப் பார்த்தாய், எழுந்தாய், அம்மாவின் பையை என் கையில் திணித்தாய். “கண்ணாடி உள்ள இருக்கு. பல்செட் டப்பால இருக்கு.” கதவுக்கு நான் என்று எழுதியவள், மகன் வந்துவிட்டான் என்று இடத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாய். எத்தனை காலத்துக்கு அப்புறம் உன் குரலை நேரில் கேட்கிறேன், அதில் பல்செட்டைப் பற்றிச் சொல்கிறாய். உன் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். இரண்டு நாள் தூங்காத ஆள் மாதிரி இருந்தாய்.

அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். வேறு நாற்காலி காலியில்லை. கதவு திறந்து மருத்துவர் வந்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து குனிந்து, “நல்லபடியா முடிஞ்சிருச்சு. பயப்படாதீங்க” என்றார். அத்தனை பேருக்கு முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

சற்றுமுன் அம்மாவுக்கு மயக்கம் தெளிந்தது. குனிந்து, “அம்மா, நான் வந்துட்டேம்மா” என்றேன். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, லேசாகத் தலையை அசைத்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள்.

“அவ எங்கடா?” என்றாள்.

மண் சரிந்த ரோட்டில் பஸ் மாறி மாறி வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா! ஆனால் எனக்கு வருத்தம் வரவில்லை. கேட்டது நியாயம்தான். “வீட்டுக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவா” என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டபிறகுதான் கண்ணை மூடினாள்.

நீ வரும்போது நான் வெளியே போய் நிற்கவேண்டும் என்றால் நிற்கிறேன். நிற்காமல் இருக்கத்தான் ஆசை. அம்மா கேட்ட அந்தக் கேள்வியை, நீ போனபிறகு வீட்டில் ஒவ்வொரு அறையிலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். எங்கே இருக்கிறாய்? வந்துவிடு.